பெயரைப் பறிகொடுத்து மீட்டெடுத்த கழகம்: சுரபாயாவின் பெர்செபாயா



உதைபந்தாட்டம் என்றதும் நமது பிள்ளைகள் ரியல் மட்ரிட், பார்சிலோனா, லிவர்பூல் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். எந்த வருடம் யார் கிண்ணம் வென்றார், யார் எவ்வளவு தொகைக்கு வாங்கப்பட்டார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். அவர்களுக்கு அதிகம் தெரியாத ஒரு கழகத்தின் வரலாற்றை இன்று பார்ப்போம். இந்தோனேசியாவின் இரண்டாவது பெரிய நகரமான சுரபாயாவின் கழகம் அது. பெயர் பெர்செபாயா. கொஞ்சம் நீண்ட பதிவுதான். ஆறுதலாக வாசியுங்கள்.

இந்தோனேசியா நமக்கு அப்படியொன்றும் அந்நிய தேசம் அல்ல. ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாவிலிருந்தும் அயல் தீவுகளிலிருந்தும் நாடுகடத்தப்பட்ட அரச குடும்பத்தவர்களும் படைவீரர்களும் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களின் வழிவந்தவர்களே இன்றைய நமது மலாய் சகோதரர்கள். சிங்கள மக்கள் இன்றும் அவர்களை 'ஜா மினிசு', அதாவது ஜாவாக்காரர் என்றுதான் அழைக்கிறார்கள். கொழும்பு கொம்பனித்தெருவில் ஜாவா லேன் என்ற பெயரிலேயே பழம்பெரும் உதைபந்தாட்டக் கழகம் ஒன்றும் இருக்கிறது. அந்த ஜாவாவின் கிழக்குக் கரையில் இருக்கும் துறைமுக நகரம்தான் சுரபாயா.

நகரத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு நாட்டுக்கதை உண்டு. 'சுரா' என்றால் சுறா, 'பாயா' என்றால் முதலை. இரண்டும் கடலுக்கும் ஆற்றுக்கும் உரிமை கேட்டுச் சண்டையிட்ட இடம் சுரபாயா என்பார்கள். கழகத்தின் சின்னத்திலும் இந்தச் சுறாவும் முதலையும் இருக்கின்றன. கழகத்தின் செல்லப்பெயர் 'பஜுல் இஜோ'. ஜாவா மொழியில் பச்சை முதலை என்று பொருள்.

■ பெயரில் இருந்த துணிச்சல்

1927ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் திகதி பாய்ஜோ, பமுஜி என்ற இருவர் முன்னின்று இந்த அமைப்பைத் தொடங்கினார்கள். அப்போது இந்தோனேசியா என்றொரு நாடே உலகப்படத்தில் இல்லை. அது ஒல்லாந்தரின் 'கிழக்கிந்தியா'. சுரபாயாவில் ஒல்லாந்தர் நடத்திய உதைபந்தாட்டச் சங்கம் ஒன்று ஏற்கெனவே இயங்கி வந்தது. சுதேசிகள் தமக்கென்று தனியாக ஒன்றை அமைத்தபோது அதற்கு 'சுரபாயா இந்தோனேசிய உதைபந்தாட்டச் சங்கம்' என்று பெயர் வைத்தார்கள். சுருக்கமாக எஸ்.ஐ.வி.பி.

பெயரின் நடுவில் இருக்கும் 'இந்தோனேசிய' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரே தாயகம், ஒரே தேசம், ஒரே மொழி என்று இளைஞர்கள் உறுதிமொழி எடுத்த புகழ்பெற்ற மாநாடு நடந்தது 1928 ஒக்டோபர் 28ஆம் திகதிதான். அதற்கு ஒரு வருடத்துக்கும் முன்பாகவே சுரபாயாவின் பந்தாட்டக்காரர்கள் அந்தச் சொல்லைத் தமது பெயர்ப்பலகையில் எழுதிவிட்டார்கள்.

இன்னொரு விடயத்தையும் இங்கே சொல்லவேண்டும். அது ஆரம்பத்தில் நாம் நினைப்பது போன்ற தனிக் கழகம் அல்ல. நமது மாவட்ட உதைபந்தாட்ட லீக்குகளின் கீழ் பல கழகங்கள் இருப்பது போல, அதன் கீழும் நகரின் பல சிறு கழகங்கள் இருந்தன. அவை தமக்குள் மோதும். அவற்றின் சிறந்த வீரர்கள் ஒன்று சேர்ந்து நகரின் பெயரில் ஆடுவார்கள். இந்த அமைப்பு பின்னாளில் கழகத்தின் உயிரையே காப்பாற்றப் போகிறது என்பதால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1930 ஏப்ரல் 19ஆம் திகதி யோக்யகர்த்தா நகரில் ஏழு ஊர்ச் சங்கங்கள் கூடின. ஜகார்த்தா, பண்டுங், யோக்யகர்த்தா, சோலோ, மடியுன், மகெலாங் ஆகியவற்றோடு ஏழாவதாக சுரபாயாவும் இருந்தது. அன்று உருவானதுதான் இந்தோனேசிய உதைபந்தாட்டச் சம்மேளனம், பி.எஸ்.எஸ்.ஐ. சுரத்தின் என்ற பொறியியலாளர் அதன் முதல் தலைவரானார். ஆக, சம்மேளனத்தைப் பெற்றெடுத்தவர்களில் ஒருவர் பெர்செபாயா. எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே சம்மேளனம்தான் 'உன்னை எனக்குத் தெரியாது' என்று சொல்லப் போகிறது.

1938 உலகக் கிண்ணத்தில் ஒல்லாந்த கிழக்கிந்தியா என்ற பெயரில் ஓர் அணி விளையாடியது. உலகக் கிண்ணத்தில் ஆடிய முதல் ஆசிய அணி அதுவே. பிரான்ஸின் ரெய்ம்ஸ் நகரில் ஹங்கேரியிடம் 6-0 என்று தோற்றுத் திரும்பியது. அந்த அணியின் தலைவர் அஹ்மத் நவீர், சுரபாயாவில் ஆடியவர். கண்ணாடி அணிந்துகொண்டே மைதானத்தில் இறங்குவார். ஆனால் அந்த அணியை அனுப்பியது ஒல்லாந்தரின் சங்கம். தமது பெயரை ஒதுக்கிவிட்டு அணியை அனுப்பியதற்கு சுரத்தினும் அவரது சம்மேளனமும் கடும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். யார் பெயரில் ஆடுவது என்ற பிரச்சினை அந்த நாட்டில் அவ்வளவு பழையது.

■ நவம்பர் 10

1945 ஓகஸ்ட் 17இல் இந்தோனேசியா சுதந்திரப் பிரகடனம் செய்தது. செப்டம்பரில் சுரபாயாவின் யமாத்தோ ஹொட்டலின் மேல் ஒல்லாந்தக் கொடி ஏற்றப்பட்டது. இளைஞர்கள் ஏறி அதன் நீலப் பட்டையைக் கிழித்தெறிந்தார்கள். மிஞ்சியது சிவப்பும் வெள்ளையும், அதாவது இந்தோனேசியக் கொடி. ஒக்டோபரில் பிரித்தானியப் படை வந்திறங்கியது. அதே மாதம் 22ஆம் திகதி நஹ்ழதுல் உலமாவின் தலைவர் ஹாஷிம் அஷ்அரியின் தலைமையில் உலமாக்கள் சுரபாயாவில் கூடி, தாயகத்தைக் காப்பது கடமை என்று தீர்மானம் எடுத்தார்கள். பிரித்தானியத் தளபதி மலபி கொல்லப்பட்ட பின்னர் இறுதி எச்சரிக்கை வந்தது. நகரம் பணியவில்லை. நவம்பர் 10 காலை, கடலிலிருந்தும் வானிலிருந்தும் குண்டுகள் விழுந்தன. புங் தோமோ என்ற இளைஞரின் வானொலி உரைகள் மக்களைத் திரட்டின. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அந்த நாள்தான் இன்றும் இந்தோனேசியாவின் வீரர்கள் தினம்.

பந்தாட்டக் கதையில் இது எதற்கு என்று கேட்கலாம். பெர்செபாயாவின் பழைய மைதானத்தின் பெயர் 'கெலோரா 10 நவம்பர்'. 2010இல் திறக்கப்பட்ட பெரிய மைதானத்தின் பெயர் 'கெலோரா புங் தோமோ'. கழகச் சின்னத்தில் இருப்பது வீரர் நினைவுத்தூண். சுரபாயாக்காரர்களின் எண்ணத்தில் நகரமும் கழகமும் அந்தப் போரும் ஒன்றோடொன்று பின்னியவை. 'எதிரி பெரியவன் என்றாலும் பணிவதில்லை' என்பது அவர்களின் பெருமை. அந்தப் பெருமை கழகத்துக்கு எவ்வளவு உதவியதோ அவ்வளவு கேடும் செய்திருக்கிறது.

■ கிண்ணங்களும் ஒரு கறையும்

யப்பானியர் காலத்தில் பெயர் மாறி 'பெர்சிபாயா' ஆகி, பின்னர் 'பெர்செபாயா' என்று நிலைத்தது. சுதந்திரத்துக்குப் பின் 1951, 1952 என அடுத்தடுத்து இரண்டு தடவை நகரங்களுக்கிடையிலான தேசிய சம்பியன். பிறகு நீண்ட காத்திருப்பு. 1978இல் இறுதிப் போட்டியில் தலைநகரின் பெர்சிஜாவை 4-3 என்று வீழ்த்தி மீண்டும் கிண்ணம்.

1987 இறுதிப் போட்டியில் செமராங் நகரின் பி.எஸ்.ஐ.எஸ். அணியிடம் 1-0 எனத் தோல்வி. அந்தத் தோல்வியின் வன்மம் மறுவருடமே வெளிப்பட்டது. 1988 பெப்ரவரி 21, சொந்த மைதானம். எதிரணி பப்புவாவின் பெர்சிபுரா. பெர்செபாயா ஏற்கெனவே அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றுவிட்டது. பெர்சிபுரா பெரிய வெற்றி பெற்றால் செமராங் வெளியேறிவிடும். முடிவு என்ன தெரியுமா? பெர்சிபுரா 12, பெர்செபாயா 0. நடப்புச் சம்பியன் செமராங் வெளியேறியது. வேண்டுமென்றே தோற்றார்கள் என்பது ஊரறிந்த இரகசியம். இந்தோனேசியர்கள் இதற்கு 'யானைப் பந்தாட்டம்' என்று பெயர் வைத்தார்கள். அந்த வருடம் இறுதிப் போட்டியில் பெர்சிஜாவை 3-2 என்று வென்று பெர்செபாயா சம்பியனும் ஆனது. கிண்ணம் அலுமாரியில் இருக்கிறது. 12-0 என்ற இலக்கமும் வரலாற்றில் இருக்கிறது. ஒன்றைச் சொல்லும்போது மற்றதையும் சொல்லத்தான் வேண்டும்.

1994இல் நகரச் சங்கங்களின் போட்டியும் தனியார் கழகங்களின் லீக்கும் இணைக்கப்பட்டு 'லீகா இந்தோனேசியா' தொடங்கியது. 1997இல் ருஸ்தி பஹல்வானின் பயிற்சியில் பெர்செபாயா சம்பியன். பிரேசில் நாட்டவரான ஜக்சன் தியாகோ அந்தப் பருவத்தில் 26 கோல்கள் அடித்தார். ஐந்தே வருடத்தில், 2002இல், கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அதே ஜக்சன் பயிற்றுவிப்பாளராக வந்து 2003இல் மேலே ஏற்றி, 2004இல் நாட்டின் சம்பியனாகவும் ஆக்கினார். கடைசி நாளில் பெர்சிஜாவை 2-1 என வென்று, மக்காசாரின் பி.எஸ்.எம். அணியுடன் புள்ளிகள் சமமாகி, கோல் வித்தியாசத்தில் கிடைத்த கிண்ணம் அது. லீகா இந்தோனேசியாவை இரண்டு தடவை வென்ற முதல் கழகம் பெர்செபாயா.

மறுவருடமே, 2005இல், ஜகார்த்தாவில் நடந்த எட்டு அணிகளின் சுற்றில் பெர்சிஜாவுக்கு எதிரான ஆட்டத்தில் இறங்க மறுத்து விலகியது. தமது ரசிகர்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டியது. தண்டனையாக மீண்டும் கீழ்ப் பிரிவு. ஏறுவதும் இறங்குவதுமாக இப்படியே போனது அந்தக் காலம்.

■ 'போனெக்': வெறும் கையும் வீம்பும்

இனி ரசிகர்களைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர்களை 'போனெக்' என்பார்கள். ஜாவா மொழியில் 'போண்டோ நெகாட்' என்பதன் சுருக்கம். 'போண்டோ' என்றால் முதல். 'நெகாட்' என்றால் எதற்கும் துணிந்த வீம்பு. கையில் காசில்லை, வீம்பு ஒன்றே முதல் என்று கிளம்புபவன் போனெக். 1980களின் இறுதியில் சுரபாயாவின் 'ஜாவா போஸ்' பத்திரிகை ஆயிரக்கணக்கான ரசிகர்களை பஸ்களில் ஜகார்த்தாவுக்கு அழைத்துச் சென்றது. போனெக் என்ற பெயர் பரவியதும் அந்தக் காலத்தில்தான். பச்சை உடுப்போடு ரயில் கூரையிலும் லொறியிலும் தொற்றிக்கொண்டு, வழியில் கிடைத்ததைச் சாப்பிட்டு, எந்த ஊரிலும் தமது அணிக்காக நிற்பார்கள்.

அதே போனெக் வழியோர ஊர்களில் கல்லெறிந்தான், கடைகளில் காசு கொடுக்காமல் எடுத்துச் சென்றான், எறியும் வாங்கினான். 2010 ஜனவரியில் பண்டுங் செல்லும் வழியில் சோலோ நகரில் நடந்த மோதல் நாடு முழுக்கப் பேசப்பட்டது. போனெக் வருகிறான் என்றால் ரயில் நிலையக் கடைகள் பூட்டப்படும் காலமும் இருந்தது.

மிக மோசமான பகை மலாங் நகரத்தின் அரெமா கழகத்தோடு. இரண்டு நகரங்களுக்கும் இடையில் சுமார் 90 கிலோமீற்றர்தான். ஒரே மாகாணம், பெரும்பான்மையினருக்கு ஒரே மொழி, ஒரே மார்க்கம். ஆனாலும் சுரபாயாவின் 'எல்' எழுத்து வாகனம் மலாங்கில் நிற்கவும், மலாங்கின் 'என்' எழுத்து வாகனம் சுரபாயாவில் நிற்கவும் பயப்பட்ட நாட்கள் உண்டு. பந்தாட்டத்துக்கும் அந்த வாகனத்தை ஓட்டியவருக்கும் எந்தத் தொடர்பும் இருந்திருக்காது.

■ ஒரே பெயரில் இரண்டு கழகங்கள்

2010இல் வந்தது பெரும் சோதனை. கெதிரி நகரில் பெர்சிக் அணியுடன் ஆடவேண்டிய ஆட்டம் ஒன்று பொலிஸ் அனுமதி கிடைக்காமல் நின்றுபோனது. நடத்த முடியாதது எதிரணியின் பொறுப்பு, ஆகவே விதிப்படி வெற்றி தமக்கே என்று பெர்செபாயா வாதிட்டது. சம்மேளனம் மீண்டும் மீண்டும் திகதி மாற்றி, கடைசியில் சுமாத்ராவின் பலெம்பாங்கில் ஆடச் சொன்னது. பெர்செபாயா போகவில்லை. 3-0 தோல்வி என்று பதியப்பட்டது. அந்தப் புள்ளிகளோடு கழகம் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்பட்டது.

கழகத்துக்குள் பிளவு வந்தது. ஒரு பகுதியினர் சம்மேளனத்துக்கு எதிராக 2011இல் தொடங்கிய புதிய லீக்கில் 'பெர்செபாயா 1927' என்ற பெயரில் இறங்கினார்கள். மறுபகுதியினர் வேறொரு கழகத்தின் வீரர்களைக் கொண்டுவந்து, 'பெர்செபாயா' என்றே பெயரிட்டு, சம்மேளனத்தின் இரண்டாம் பிரிவில் ஆடினார்கள். ஒரே நகரம், ஒரே பச்சை, ஒரே பெயர். கழகங்கள் மட்டும் இரண்டு. மாநகர சபைப் பணத்தில் இயங்கிய காலம் முடிந்து, தொழில்முறைக் கழகங்களுக்கு அரச நிதி கொடுக்கக்கூடாது என்ற கட்டுப்பாடும் வந்திருந்தது. பணம் யாரிடமிருந்து, பெயர் யாரிடம் என்ற இரண்டு கேள்விகளும் ஒரே நேரத்தில் வந்தன.

2011-12 பருவத்தில் 'பெர்செபாயா 1927' தனது லீக்கில் இரண்டாம் இடம் பெற்றது. ஆனால் 2013 மார்ச்சில் இரண்டு லீக்குகளையும் ஒன்றாக்கச் சம்மேளனம் எடுத்த முடிவில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. 1930இல் சம்மேளனத்தை உருவாக்கிய ஏழு பேரில் ஒருவரின் வழிவந்த கழகம், ஆட லீக் இல்லாமல் தெருவில் நின்றது. மற்ற 'பெர்செபாயா' இரண்டாம் பிரிவை வென்று 2014இல் முதல் பிரிவுக்கு ஏறியது.

அப்போது போனெக் என்ன செய்தான் தெரியுமா? மைதானத்துக்குப் போகாமல் இருந்தான். பெயர் பெர்செபாயா, நிறம் பச்சை, ஆடுவது முதல் பிரிவில். ஆனாலும் பார்வையாளர் பகுதி வெறிச்சோடிக் கிடந்தது. 'இது எங்கள் கழகம் அல்ல' என்று சொல்லக் கல் தேவைப்படவில்லை. வீட்டில் இருந்தாலே போதுமாக இருந்தது.

அந்த மற்ற அணியின் பிற்காலமும் சுவாரசியமானது. பெயர் உரிமைப் பிரச்சினை வந்ததும் 'சுரபாயா யுனைட்டட்' ஆனது. ஒரு சுற்றுப்போட்டியில் 'போனெக் எப்.சி.' என்றுகூடப் பெயர் வைத்துக்கொண்டது. 2016இல் பொலிஸ் அணியோடு இணைந்து, கடைசியில் 'பாயங்கரா எப்.சி.' ஆகி, சுரபாயாவை விட்டே வெளியேறியது. 2017இல் அது நாட்டின் முதல் பிரிவுச் சம்பியனும் ஆனது. ஆனால் அந்தக் கிண்ணத்துக்காக சுரபாயா நகரம் தெருவில் இறங்கவில்லை.

■ மீட்பு

உண்மையான கழகம் எப்படி உயிரோடு இருந்தது? முதலில் சொன்ன அந்தப் பழைய அமைப்புதான் காரணம். பெர்செபாயாவின் கீழ் இருந்த இருபது உள்ளூர்க் கழகங்களும் தம்மைத்தான் பெர்செபாயா என்று கருதின. பெயர், சின்னம் ஆகியவற்றின் உரிமைக்காகப் போராட்டம் நீதிமன்றம் வரை சென்றது. 2016இல் சுரபாயா நீதிமன்றம் பழைய கழகத்தின் கம்பனிக்கே அந்த உரிமை என்று தீர்ப்பளித்தது.

ரசிகர்கள் தமது பங்கைத் தெருவில் செய்தார்கள். அரசாங்கத் தலையீட்டுக்காக பீபா 2015 மே மாதம் இந்தோனேசியாவை இடைநிறுத்தி, மறுவருடம் மே மாதம் தடையை நீக்கியது. அதன் பின் சம்மேளனம் கூடும் இடமெல்லாம் போனெக் போனான். 2016 ஓகஸ்டில் ஆயிரக்கணக்கானோர் ஜகார்த்தாவுக்குச் சென்று, மைதானம் ஒன்றில் தங்கி, ஆர்ப்பாட்டம் செய்தார்கள். நவம்பர் 10ஆம் திகதி, தமது வீரர்கள் தினத்தன்றே, ஜகார்த்தாவில் நடந்த மாநாட்டிலும் நீதி கிடைக்கவில்லை. கடைசியாக 2017 ஜனவரி 8ஆம் திகதி பண்டுங் மாநாட்டில் வேறு சில கழகங்களோடு சேர்த்து பெர்செபாயாவின் அங்கத்துவமும் மீளக் கொடுக்கப்பட்டது. பண்டுங்கின் பெர்சிப் கழக ரசிகர்கள் அந்த நாட்களில் சுரபாயாக்காரர்களைத் தமது விருந்தினராக வைத்துக்கொண்டார்கள்.

புதிய ஏற்பாட்டில் ஜாவா போஸ் குழுமத்தின் நிறுவனத்துக்கு 70 வீதப் பங்கும், இருபது உள்ளூர்க் கழகங்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கு 30 வீதப் பங்கும் கிடைத்தன. பணம் போடுபவருக்கு நிர்வாகம், ஊருக்கு ஒரு நிரந்தரப் பங்கு. இந்த ஏற்பாட்டை நமது கழகங்களின் நிர்வாகிகள் ஒரு தடவை யோசித்துப் பார்க்கலாம்.

2017இல் இரண்டாம் பிரிவில் தொடங்கி, நவம்பர் 28இல் பண்டுங்கில் நடந்த இறுதிப் போட்டியில் மேடானின் பி.எஸ்.எம்.எஸ். அணியை மேலதிக நேரத்தில் 3-2 என வென்று முதல் பிரிவுக்கு ஏறினார்கள். 2019இல் பாலி யுனைட்டடுக்கு அடுத்ததாக இரண்டாம் இடம். உள்ளூர்க் கழகங்களின் போட்டியும் இளைஞர் அணியும் தொடர்ந்து வீரர்களைத் தந்தன. 2024 நவம்பரில் உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டியில் சவூதி அரேபியாவுக்கு எதிராக இரண்டு கோல்களையும் அடித்த மார்செலினோ பெர்டினான் பெர்செபாயாவில் வளர்ந்தவர்தான்.

■ கஞ்சுருஹான்

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

2022 ஒக்டோபர் 1, சனிக்கிழமை இரவு. மலாங் மாவட்டத்தின் கஞ்சுருஹான் மைதானத்தில் அரெமாவும் பெர்செபாயாவும் மோதின. ஆட்டத்தைப் பின்னேரத்துக்கு மாற்றும்படி பொலிஸார் கேட்டிருந்தார்கள். அது ஏற்கப்படவில்லை. சுமார் 38,000 பேர் கொள்ளும் மைதானத்துக்கு 42,000 நுழைவுச்சீட்டுகள் விற்கப்பட்டன. பகை காரணமாக பெர்செபாயா ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. பெர்செபாயா 3-2 என வென்றது. அரெமா 23 வருடங்களாகத் தனது ஊரில் பெர்செபாயாவிடம் தோற்றதில்லை.

ஆட்டம் முடிந்ததும் அரெமா ரசிகர்கள் சிலர் மைதானத்துக்குள் இறங்கினார்கள். பொலிஸார் கண்ணீர்ப்புகை அடித்தார்கள். மைதானத்துக்குள் மட்டுமல்ல, மக்கள் அமர்ந்திருந்த பகுதிகளை நோக்கியும் அடித்தார்கள். மைதானப் பாதுகாப்பில் கண்ணீர்ப்புகை கூடாது என்பது பீபாவின் விதி. மூச்சுத் திணறிய மக்கள் ஒடுங்கிய வாசல்களை நோக்கி ஓடினார்கள். படிக்கட்டுகளில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். 135 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் சிறுவர்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பெர்செபாயா வீரர்கள் கவச வாகனத்தில் ஏற்றி வெளியே கொண்டுசெல்லப்பட்டார்கள்.

அன்று அங்கே எதிரணி ரசிகன் ஒருவன்கூட இல்லை. பகைக்குப் பயந்து எதிரியை உள்ளே விடாமல் ஆட்டம் நடத்தினார்கள். ஆனால் அந்தப் பகை வளர்த்துவிட்ட பதற்றம் உள்ளேதான் இருந்தது. பகையாளி இல்லாத மைதானத்திலும் பிள்ளைகள் செத்தார்கள். புகை அடித்தவர்களின் பொறுப்பு பெரியது. பொலிஸாரில் சிலருக்கும் ஏற்பாட்டாளர்களுக்கும் சிறைத்தண்டனை கிடைத்தது. அது போதாது என்று குடும்பங்கள் இன்றும் சொல்கின்றன. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அதன் பின் நடந்ததையும் பதியவேண்டும். மலாங்கின் பரம எதிரிகளான போனெக் ரசிகர்கள் சுரபாயாவின் வீரர் நினைவுத்தூணின் அருகில் கூடி, மலாங்கின் மரணித்தவர்களுக்காக மெழுகுவர்த்தி ஏற்றித் துஆச் செய்தார்கள். ஒருவரை ஒருவர் கண்டால் அடித்துக்கொள்ளும் யோக்யகர்த்தா, சிலெமான், சோலோ ரசிகர்கள் யோக்யகர்த்தாவில் ஒன்றாகக் கூடிச் சமாதானம் சொன்னார்கள். 1930இல் ஏழு ஊர்கள் ஒன்று கூடியது அதே நகரத்தில்தான்.

■ நமக்கு

உறவுகளே, இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளவேண்டியது என்ன?

போனெக்கின் வீம்பு ஒன்றுதான். கல்லெறிந்தபோது அது கழகத்துக்கு அவப்பெயர் தேடித்தந்தது. போலிக் கழகத்தைப் புறக்கணித்து வீட்டில் இருந்தபோதும், நீதிமன்றத் தீர்ப்புக்குப் பொறுத்திருந்தபோதும், மாநாட்டு வாசலில் படுத்துக் கிடந்தபோதும் அதே வீம்பு கழகத்தைக் காப்பாற்றியது. ஊர்ப்பற்றைக் குறைக்கும்படி நாம் நமது இளைஞர்களிடம் கேட்கவில்லை. அதை எதில் செலவழிக்கிறோம் என்பதைப் பார்க்கச் சொல்கிறோம். அயலூரானின் மோட்டார் சைக்கிளில் செலவழித்தால் என்ன கிடைக்கும், கழகத்தின் கணக்கேட்டில் செலவழித்தால் என்ன கிடைக்கும் என்பதை சுரபாயா இரண்டு விதமாகவும் காட்டியிருக்கிறது.

இரண்டாவது, பெயர் என்பது சின்ன விடயம் அல்ல. நமது பகுதிகளிலும் நிர்வாகத் தெரிவில் தகராறு வந்து, ஒரே பெயரில் இரண்டு கழகங்கள், இரண்டு இலச்சினை, இரண்டு தலைவர் என்று நிற்பதைப் பார்க்கிறோம். அப்போது கைகொடுப்பது யாப்பும், கூட்டறிக்கையும், பதிவுச் சான்றிதழும்தான். சுரபாயாவின் இருபது கழகங்களிடம் அவை இருந்தன. நீதிமன்றத்தில் பேச அவர்களிடம் கடதாசி இருந்தது.

மூன்றாவது, பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துச் செல்லும் நாம், வாசல் எத்தனை, திறந்திருக்கிறதா, எத்தனை பேரை உள்ளே விடுகிறார்கள் என்று சுற்றுப்போட்டி ஏற்பாட்டாளர்களிடம் கேட்கவேண்டும். கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை. 135 குடும்பங்கள் அந்தக் கேள்விக்கு விலை கொடுத்துவிட்டன.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பெர்செபாயாவைத் தொடங்கிய இருவரின் பெயரும் திகதியும் 1927இலிருந்து இன்றுவரை தப்பி வந்திருப்பதால்தான் இந்தக் கதையைச் சொல்ல முடிகிறது. உங்கள் ஊர்க் கழகம் எந்த வருடம் தொடங்கப்பட்டது, முதல் தலைவர், செயலாளர் யார், முதல் கிண்ணம் எது என்பதைத் தெரிந்த மூத்தவர்கள் கீழே பதியுங்கள். பழைய படம், பழைய கூட்டறிக்கை இருந்தால் அதையும் படம் பிடித்து இடுங்கள். இளையவர்கள் அவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.